பூட்டிய கைபேசியும் 72 மணி நேரமும்

இணையச் சந்தைத் தளத்தில் ஒருவரிடம் வாங்கிய பழைய ஐபோன் வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்து, கைபேசியை இயக்கி, மொழியைத் தேர்ந்தெடுத்து, வைஃபையில் இணைத்தது வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அடுத்த திரையில்தான் அந்த வாசகம் வந்தது: இந்த ஐபோன் அதன் உரிமையாளரின் கணக்கில் பூட்டப்பட்டிருக்கிறது. கீழே ஒரு மின்னஞ்சல் முகவரி, முதல் எழுத்தைத் தவிர மற்றதெல்லாம் புள்ளி புள்ளியாக. அதற்குக் கீழே கடவுச்சொல்லுக்கான காலிக் கட்டம். ஒரு கீறல்கூட இல்லாத, ஒன்றுக்கும் உதவாத கண்ணாடிப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என்னை யாரும் லேசில் ஏமாற்றிவிட முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அதே வாரத்தில் இரண்டு பேரை அடையாளம் கண்டு ஒதுக்கியிருந்தேன். முதல் ஆள் சந்தை விலையில் பாதிக்குத் தருவதாகச் சொன்னான். அவசரமாக ஊரை விட்டுப் போகிறானாம். பேச்சைச் சந்தைத் தளத்துக்கு வெளியே வேறொரு செயலிக்கு மாற்றச் சொன்னான். அங்கே பணம் கட்ட ஒரு இணைப்பையும் அனுப்பினான். பக்கம் அச்சு அசலாக அந்தத் தளத்தைப் போலவே இருந்தது, முகவரியில் மட்டும் ஒரு எழுத்து கூடுதல். "முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே, பாருங்கள்" என்று வேறு சொன்னான். நாம் அனுப்புவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. மறுமுனையில் உட்கார்ந்திருப்பவனே திருடன் என்றால் அது என்ன செய்யும்?

இரண்டாவது, சீல் பிரிக்காத புத்தம்புதிய உயர்ரகக் கைபேசி, 1 டெராபைட் சேமிப்பு, விலையோ ஒரு சாதாரணக் கைபேசியின் விலை. இந்த வகைப் போலிகளில் அமைப்புகள் பக்கத்தில் எந்த எண்ணைக் காட்ட வேண்டும் என்பதையே மாற்றி எழுதியிருப்பார்கள். உள்ளே இருக்கும் உண்மையான சேமிப்பு அதில் ஒரு சிறு பங்குதான். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பெரிய வீடியோக் கோப்புகளை நிரப்பி, பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். கோப்புகள் கெட்டுப்போயிருந்தால், காட்டும் கொள்ளளவு பொய்.

மூன்றாவது விற்பனையாளரிடம்தான் வாங்கினேன். அவரை நான் சோதித்த அளவுக்கு வேறு யாரையும் சோதித்ததில்லை. இணையத்திலிருந்து எடுத்த படமாக இருக்கக் கூடாது என்பதற்காக, ஒரு தாளில் என் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதிக் கைபேசியின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பத்து நிமிடத்தில் வந்தது. பூப்போட்ட மேசை விரிப்பு, அதன் மேல் கைபேசி, தாள், பெட்டி. ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணையும், அதாவது ஒவ்வொரு கைபேசிக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணையும், கேட்டு வாங்கித் திருட்டுப் பட்டியலில் தேடினேன். சுத்தமாக இருந்தது. (இன்று சுத்தமாக இருப்பது நாளையும் அப்படியே இருக்கும் என்று பொருளில்லை. தவணையில் வாங்கிய கைபேசியை விற்றுவிட்டுத் தவணை கட்டாமல் விட்டால், பிறகு அந்த எண்ணை முடக்கிவிடவும் கூடும்.) பேட்டரி எவ்வளவு சதவீதம், திரையை மாற்றினீர்களா, தண்ணீரில் விழுந்ததா, எல்லாம் கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னார்.

உங்கள் கணக்கிலிருந்து இதை விடுவித்துவிட்டீர்களா என்று மட்டும் கேட்கவில்லை.

ஐபோனில் இந்தக் கணக்குப் பூட்டு 2013 முதல் இருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் இதைப் போன்ற ஒன்று 2015 வாக்கில் வந்துவிட்டது. திருடியவனுக்குப் பயன்படக் கூடாது என்பதற்காக வைத்தது. அதனால் கைபேசியை எத்தனை முறை அழித்தாலும் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் போய் முறைப்படி அழித்தால் பூட்டு விலகிவிடும். பவர் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் சேர்த்து அழுத்திக் குறுக்கு வழியில் அழித்தால் விலகாது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும் என்பதுதான் எரிச்சல். தெரிந்தும் கேட்கத் தோன்றவில்லை.

விற்பனையாளருக்கு எழுதினேன். உடனே பதில். "ஐயோ, மன்னிக்கவும் அண்ணா, மறந்தேபோய்விட்டது. பயணத்தில் இருக்கிறேன். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் எடுத்துவிடுகிறேன்." அவ்வளவு பணிவு. எனக்கே தொந்தரவு செய்துவிட்டோமோ என்றிருந்தது. இரவு பதினோரு மணிக்கு, "நெட் கிடைக்கவில்லை, காலையில் கண்டிப்பாக." காலையில் கடவுச்சொல் மறந்துவிட்டதாம், மீட்க ஒரு நாள் ஆகுமாம். மாலையில் புதிதாக ஒன்று: "பொருள் கிடைத்தது என்று தளத்தில் உறுதி செய்துவிடுங்கள் அண்ணா, பணம் வந்தால் உடனே வேலையை முடித்துவிடுகிறேன்."

அங்கேதான் எனக்கு உறைத்தது. நான் வாங்கிய சந்தைத் தளம் பணத்தைத் தன் கையில் வைத்திருக்கும். பொருள் வந்து சேர்ந்து 72 மணி நேரம் வரை வாங்கியவர் புகார் செய்யாவிட்டால் பணம் தானாக விற்றவருக்குப் போய்விடும். விற்பனையாளர் பயணத்திலும் இல்லை, நெட் இல்லாமலும் இல்லை. அந்த 72 மணி நேரத்தைத்தான் கரைத்துக்கொண்டிருந்தார். ஒரு ஐபோனைக் கணக்கிலிருந்து நீக்க அது கையில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எந்த உலாவியிலும் ஆப்பிளின் இணையச் சேவையான ஐகிளவுடுக்குள் நுழைந்து, கருவிகள் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்து நீக்கினால் போதும். இரண்டு நிமிட வேலை. பஸ்ஸில் போய்க்கொண்டே செய்யலாம். கடவுச்சொல் தெரிந்திருந்தால்.

அவருக்குத் தெரியாது என்றுதான் இப்போது நினைக்கிறேன். பூட்டுத் திரையில் தெரிந்த முதல் எழுத்து அவருடைய பெயரோடு பொருந்தவே இல்லை. எங்கோ ஒருவர் இந்தக் கைபேசியைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கலாம்.

நடுவில் நான் செய்யப்போன முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். "ஐஎம்இஐ எண் கொடுத்தால் 24 மணி நேரத்தில் பூட்டை நீக்கித் தருகிறோம்" என்று கட்டணம் கேட்கும் தளங்கள் வரிசையாக இருக்கின்றன. கார்டு எண்ணைப் பாதி தட்டச்சு செய்துவிட்டேன். ஏமாந்தவனைத் தேடி வரும் இரண்டாவது வலை அது. பூட்டை முறையாக நீக்கக்கூடியவர்கள் இரண்டே பேர்: பழைய உரிமையாளர், அல்லது முதன்முதலில் வாங்கிய பில்லைப் பார்த்துத் தயாரிப்பு நிறுவனம்.

பில் என்றதும் விற்பனையாளரிடம் கேட்டேன். அசராமல் ஒரு படம் அனுப்பினார். கடையின் பெயர், தேதி, ஐஎம்இஐ எண் எல்லாம் இருந்தன. பூட்டிக் கிடக்கும் ஐபோனிலும் தொடக்கத் திரையில் ஒரு சிறிய ஐ குறியைத் தொட்டால் அதன் ஐஎம்இஐ தெரியும். ஒப்பிட்டேன். பெட்டியில் இருந்ததும் கைபேசியில் இருந்ததும் ஒன்றே. பில்லில் இருந்தது வேறு.

இங்கே எனக்கு ஒரு சிறிய வெற்றி. ஐஎம்இஐ எண்ணில் 15 இலக்கங்கள். கடைசி இலக்கம் சும்மா வந்ததல்ல, முதல் 14 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வைப்பது. இடமிருந்து 2, 4, 6 என்று 14 வரையுள்ள இடங்களில் இருப்பவற்றை இரட்டிப்பாக்க வேண்டும். ஈரிலக்கம் வந்தால் அந்த இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மீதி இலக்கங்களையும் சேர்த்து மொத்தத்தைக் கூட்டினால் அது 10-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். பில்லில் இருந்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன். 63 வந்தது. அப்படி ஒரு கைபேசி உலகத்திலேயே இருக்க முடியாது. எண்ணைக் கையால் திருத்தியிருக்கிறார்கள். (கணக்கு சரியாக வந்துவிட்டால் நல்ல கைபேசி என்று முடிவு கட்ட வேண்டாம். வேறொரு கைபேசியின் எண்ணை அப்படியே திருடிப் போட்டிருந்தாலும் சரியாகத்தான் வரும்.)

67-வது மணி நேரத்தில் புகார் கொடுத்தேன்.

வாடிக்கையாளர் சேவையிலிருந்து வந்த முதல் பதில், இது அமைப்பது தொடர்பான சிக்கல், தயாரிப்பு நிறுவனத்தை அணுகவும் என்றது. நான் எழுதியது ஒன்று, அவர்கள் படித்தது வேறு எதுவோ. பூட்டு என்றால் என்ன என்று பத்து வரியில் விளக்கி எழுதினேன். வேறொரு பெயரில், எழுத்துக்கு எழுத்து அதே பதில். மூன்றாவது முறையும் அதேதான், முடிவில் "உங்கள் பொறுமைக்கு நன்றி" மட்டும் கூடுதல். பிறகு ஒன்று செய்தேன். விளக்கம் எழுதுவதை நிறுத்திவிட்டு, "விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இயங்கவில்லை" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து, மூன்று படங்களை மட்டும் இணைத்தேன்: பூட்டுத் திரை, "உறுதி செய்துவிடுங்கள்" என்ற செய்தி, எண் பொருந்தாத பில். ஒன்றரை மணி நேரத்தில் பொருளைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குக் கட்டம் நிரம்ப வேண்டும். என் கதை வேண்டியதில்லை. நல்லவேளை, பேச்சு முழுவதும் தளத்துக்குள்ளேயே நடந்திருந்தது. வெளியே வேறு செயலியில் பேசியிருந்தால் அந்தச் செய்தியை அவர்கள் ஆதாரமாக ஏற்றிருக்க மாட்டார்கள் என்று பிறகு விதிமுறையில் படித்தேன்.

திருட்டுப் பொருளாக இருக்கலாம், காவல் துறையிடம் கொடுக்கட்டுமா என்றும் கேட்டிருந்தேன். அதற்குப் பதிலே வரவில்லை. பணம் போய்விடுமே என்ற பயத்தில் அவர்கள் சொன்ன கிடங்குக்கே அனுப்பிவிட்டேன். இன்றும் அது உறுத்துகிறது.

அனுப்பும்போது ஒரு புத்தி வேலை செய்தது. கைபேசித் திரையில் ஐஎம்இஐ தெரிவதிலிருந்து பெட்டிக்குள் வைத்து டேப் ஒட்டி கூரியர்காரர் கையில் கொடுப்பது வரை ஒரே வீடியோவாக, எங்கும் நிறுத்தாமல் எடுத்தேன். எடையை ரசீதில் எழுதச் சொன்னேன். 412 கிராம். கூரியர்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆறு நாள் கழித்துக் கிடங்கிலிருந்து செய்தி: "பெட்டியில் கருவி இல்லை. உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது."

அன்றிரவு தூக்கம் போனது. காலையில் வீடியோவையும் எடை எழுதிய ரசீதையும் அனுப்பினேன். வெறும் பெட்டி 412 கிராம் வருமா என்று ஒரே ஒரு வரி. கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால், பணத்தைத் திரும்பப் பெறும் கோரிக்கையை வங்கியிலும் அதே நாளில் பதிவு செய்தேன். இரண்டில் எது வேலை செய்ததோ, 26-வது நாள் முழுத் தொகையும் கார்டுக்குத் திரும்பியது. வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பியிருந்தால் இந்த இரண்டாவது கதவு எனக்குத் திறந்தே இருந்திருக்காது.

பிறகு வேறொருவரிடம் நேரில் போய் வாங்கினேன். அவர் என் கண்ணெதிரே தன் கணக்கிலிருந்து வெளியேறி, கைபேசியை அழித்து, என் சிம்மைப் போட்டு, முகப்புத் திரை வந்து, ஒரு அழைப்பும் பேசிய பிறகுதான் பணம் கொடுத்தேன். அரை மணி நேரம். அமைப்புகளில் பாகங்கள் பற்றிய விவரத்தில் திரைக்கு நேரே "அறியப்படாத பாகம்" என்றிருந்தது. அதைக் காட்டிக் கொஞ்சம் விலை குறைத்தேன். அவரும் நியாயமான மனிதர், மாற்றியதை ஒப்புக்கொண்டார்.

போன வாரம் சும்மா அந்தச் சந்தைத் தளத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதே மாடல், அதே நிறம், வேறு பெயரில் ஒரு விற்பனையாளர். படத்தில் கைபேசிக்குக் கீழே அதே பூப்போட்ட மேசை விரிப்பு. புகார் பொத்தானை அழுத்தி, என் பழைய புகார் எண்ணையும் சேர்த்து அனுப்பினேன். நான்காம் நாள் பார்த்தபோது விளம்பரம் இல்லை. அவர்கள் நீக்கினார்களா, யாராவது வாங்கிவிட்டார்களா என்று தெரியவில்லை.