ஏசி போட்ட பழைய காருக்கு எலக்ட்ரிக் ஃபேன்

பழைய காரில் ஏசி ஒழுங்காக ஓடவேண்டும் என்றால் ரேடியேட்டருக்கு எலக்ட்ரிக் ஃபேன் மாட்டியே ஆகவேண்டும் என்பது என் கட்சி. பெல்ட்டில் ஓடும் ஃபேன் எஞ்சின் வேகத்துக்குத்தான் சுற்றும். சிக்னலில் நிற்கும்போது, காற்று ரொம்பத் தேவைப்படும் நேரத்தில், அது மெதுவாகிவிடும். போதாக்குறைக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சர் (காருக்குள்ளிருந்து எடுத்த சூட்டை வெளியே விடும் பாகம்) தன் சூட்டையும் ரேடியேட்டர் மேல் தள்ளும்.

இந்த வாரம் என் காரில் மாட்டியாயிற்று. ரேடியேட்டருக்குப் பின்னாலிருந்து காற்றை இழுக்கும் வகை, முழு ஷ்ரவுடோடு (காற்று ரேடியேட்டர் வழியாகவே வரும்படி ஃபேனைச் சுற்றி இருக்கும் கூடு).

வயரிங்கில்தான் கவனம் வேண்டும். பெரிய ஃபேன் 20 ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும், கிளம்பும் நொடியில் இன்னும் அதிகம். அதனால் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை ஆன் செய்யும் சுவிட்ச்), தடித்த வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ். மின்சாரத்துக்கு இன்னும் பழைய வகை டைனமோவையே நம்பி ஓடும் வண்டி என்றால் முதலில் ஆல்டர்னேட்டருக்கு மாறிவிடுங்கள். என் தெர்மோ சுவிட்ச் 92 டிகிரியில் ஃபேனைப் போடுகிறது. ஆனால் ஏசி போட்டதும் ஃபேன் உடனே ஓடவேண்டும் அல்லவா? அதற்குக் கம்ப்ரஸர் கிளட்ச் (ஏசி கம்ப்ரஸரை எஞ்சினோடு இணைப்பது) வயரிலிருந்து ரிலேவுக்குத் தனி இணைப்பு, நடுவில் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஒரு டயோடு. அது இல்லாவிட்டால் தெர்மோ சுவிட்ச் கம்ப்ரஸரையும் சேர்த்துக் கிளப்பிவிடலாம்.

நிறுத்தியபடியே ஏசியைப் போட்டு ஓடவிட்டேன். டெம்பரேச்சர் முள் நடுவை விட்டு அசையவில்லை. அவ்வளவு சந்தோஷம்!