எஸ்எஸ்டி வந்தது, ஹார்ட் டிஸ்க் மறைந்தது

கணினியில் இரண்டாவதாகப் பொருத்தியிருக்கும் ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை என்று யாராவது சொன்னால், எங்கே தெரியவில்லை என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கோப்புகளைத் திறந்து பார்க்கும் எக்ஸ்ப்ளோரரில் தெரியாத வட்டு, வட்டுகளை நிர்வகிக்க விண்டோஸில் இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்டில் தெரியலாம். அங்கும் தெரியாதது, விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே இயங்கும் மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் தெரியலாம். பயாஸிலேயே தெரியாமலும் போகலாம். முதலிரண்டு நிலைகளையும் பெரும்பாலும் விண்டோஸுக்குள்ளேயே சரிசெய்துவிட முடியும். மூன்றாவதற்கு ஸ்குரூடிரைவரை எடுத்தாக வேண்டும். விண்டோஸை எத்தனை முறை புதிதாக ஏற்றினாலும் அந்த வட்டு வரப்போவதில்லை.

திருமங்கலத்தில் திருமண ஸ்டுடியோ நடத்தும் நண்பரின் கணினி இந்த மூன்றாவது வகையில் சிக்கியிருந்தது. வைகாசி முகூர்த்தங்களுக்கு முன் ஆல்பம் வேலை வேகமாக நடக்க வேண்டும் என்பதற்காக, மதர்போர்டிலேயே நேரடியாகச் செருகும் எம்.2 வடிவிலான, என்விஎம்இ எனும் வேகமான வகை எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சில்லுகளாலான சேமிப்பகம்) ஒன்றை ஒரு கடையில் பொருத்தி, அதில் விண்டோஸையும் புதிதாக ஏற்றி வாங்கி வந்திருந்தார். வேகம் கூடியது உண்மைதான். ஆனால் பல ஆண்டுகளின் திருமணப் படங்களும், சித்திரைத் திருவிழாவின்போது தல்லாகுளத்தில் எதிர்சேவையன்று எடுத்த படங்களும் இருந்த 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை. திரும்பக் கொண்டுபோய்க் காட்டியபோது, "டிஸ்க்கு போயிருச்சுண்ணே, புதுசு போட்டுக்கங்க" என்று பதில் வந்ததாம். முந்தைய நாள் வரை ஓடிய வட்டு, கணினியைத் திறந்து வேறொன்றைப் பொருத்திய அன்றே தற்செயலாகச் சாகும் என்பதை நான் எளிதில் நம்புவதில்லை. என்ன மாறியதோ அதன் மீதுதான் முதல் சந்தேகம் விழ வேண்டும்.

திறப்பதற்கு முன் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி, எஞ்சியிருக்கும் மின்சாரத்தை வடியவிட வேண்டும். ஹார்ட் டிஸ்க்குகளைக் கணினியில் இணைக்கும் முறைக்குச் சாட்டா என்று பெயர். வட்டுக்குச் செல்லும் சாட்டா இணைப்புகள் இரண்டு: 7 முனைகள் கொண்ட குறுகிய டேட்டா கேபிள், 15 முனைகள் கொண்ட அகலமான பவர் கேபிள். இரண்டையும் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகிய பின் கணினியை இயக்கி, வட்டின் மேல் விரல் நுனியை வைத்தால் தட்டு சுழலும் மெல்லிய அதிர்வு தெரியும். அதிர்வே இல்லையென்றால் மின்சாரம் போய்ச் சேரவில்லை அல்லது வட்டு பழுதாகிவிட்டது. சுழன்றும் தெரியவில்லையென்றால் டேட்டா கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். 'டக் டக்' என்று ஒரே சீராகத் தட்டும் ஓசை கேட்டால் உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பவரிடம் கொண்டுபோவதே நல்லது.

பவர் கேபிளைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கழற்றி மாட்டக்கூடிய கேபிள்கள் கொண்ட எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) வைத்திருப்பவர்கள், ஒரு நிறுவனத்தின் கேபிளை இன்னொரு நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ்ஸில் செருகவே கூடாது. வட்டின் பக்கம் முனை ஒன்றுபோல் இருந்தாலும், எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் கம்பிகளின் வரிசைக்குப் பொதுவான தரம் கிடையாது. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால், உயிரோடிருந்த வட்டு அங்கேயே கருகிவிடும்.

நண்பரின் வட்டு நன்றாகவே சுழன்றது. கேபிளை மாற்றியும் பயாஸில் வரவில்லை. அந்த மதர்போர்டின் கையேட்டைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி, சேமிப்பகப் பக்கத்தைப் பார்த்தபோது காரணம் கிடைத்தது. பல மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் குறிப்பிட்ட சில சாட்டா போர்ட்டுகளும் சிப்செட் எனும் கட்டுப்பாட்டுச் சில்லின் ஒரே பாதைகளைப் பகிர்ந்துகொள்கின்றன. ஸ்லாட்டில் எஸ்எஸ்டி ஏறியதும் அந்த போர்ட்டுகள் தாமாகவே அணைந்துவிடும். எந்த ஸ்லாட் எந்த போர்ட்டை அணைக்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், கையேட்டைப் பார்க்காமல் ஊகிப்பது வீண். பழைய ஹார்ட் டிஸ்க் அணைந்துபோன போர்ட் ஒன்றில்தான் மாட்டியிருந்தது. கேபிளை முதல் போர்ட்டுக்கு மாற்றி, டெலீட் விசையை அழுத்தி பயாஸுக்குள் சென்றதும் வட்டின் பெயர் வந்து நின்றது. சில பயாஸ்களில் ஒவ்வொரு போர்ட்டையும் தனித்தனியே அணைத்து வைக்கும் வசதி இருக்கும், அதையும் பார்த்துவிடலாம். ஆனால் சாட்டா வட்டுகளைக் கணினி எப்படிக் கையாள வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும், ஏஎச்சிஐ, ரெய்டு என்று இருக்கும் முறையை மட்டும் ஆராய்ச்சிக்காக மாற்றக் கூடாது. மாற்றினால் விண்டோஸே ஏறாமல் போகக்கூடும்.

பயாஸில் தெரிந்தும் எக்ஸ்ப்ளோரரில் தெரியாத வட்டுக்கு டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறக்க வேண்டும். உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வட்டு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் குறித்து வைத்திருக்கும் பிரிவு அட்டவணையை விண்டோஸால் படிக்க முடியாவிட்டால், 'இனிஷியலைஸ் டிஸ்க்' என்ற பெட்டி தானாகவே வந்து நிற்கும். புதிதாக வாங்கிய வெற்று வட்டுக்கு அது தேவைதான். 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டு என்றால் அட்டவணையின் பழைய வகையான எம்பிஆரை விட்டுப் புதிய வகையான ஜிபிடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையெனில் அந்த எல்லைக்கு மேலுள்ள இடம் பயன்படாது. ஆனால் படங்கள் இருக்கும் பழைய வட்டில் அந்தப் பெட்டிக்கு ஒரே பதில் 'கேன்சல்' தான். ஓகே கொடுத்தால் புதிய அட்டவணை எழுதப்பட்டு, மீட்பு மென்பொருள் இல்லாமல் கோப்புகளை எட்ட முடியாத நிலை வந்துவிடும். பிரிவின் மீது 'ரா' (கோப்பு அமைப்பை விண்டோஸால் அடையாளம் காண முடியாத நிலை) என்று காட்டி ஃபார்மட் செய்யச் சொன்னாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். 'ஆஃப்லைன்' என்று காட்டினால் மட்டும் கவலையில்லை. வட்டின் பெயர் மீது வலது கிளிக் செய்து 'ஆன்லைன்' ஆக்கினால் போதும்.

நண்பரின் வட்டு எந்தக் கேள்வியும் கேட்காமல் திறந்தது. 4 டெராபைட்டை விண்டோஸ் 3.63 என்று காட்டுவது கணக்கிடும் முறையால்தான், எதுவும் குறையவில்லை. எஞ்சியது ஆல்பம் மென்பொருள்தான். அது எல்லாப் படங்களையும் 'டி' டிரைவில் தேடி, கிடைக்காமல் வெற்றுச் சட்டங்களைக் காட்டியது. கடையில் புதிய எஸ்எஸ்டியை இரண்டாகப் பிரித்து, இரண்டாவதற்கு 'டி' என்ற எழுத்தைக் கொடுத்துவிட்டதால் பழைய வட்டு 'இ' ஆகியிருந்தது. விண்டோஸ் இருக்கும் 'சி'யைத் தொடாமல், புதிய பிரிவை 'ஜி' ஆக்கி, பழைய வட்டுக்கு 'டி'யைத் திருப்பிக் கொடுத்ததும் ஆல்பங்கள் படங்களோடு திறந்தன. அன்று மாலையே வெளிப்புற வட்டு ஒன்றை வாங்கி வரச் சொல்லி, நகலெடுக்கும் வேலையைத் தொடங்கிவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன்.