டாக்டர் வீட்டுத் திண்ணை தப்பியது

தாத்தாவின் பழைய வீட்டைப் பழுதுபார்க்க அனுமதி கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் கோபம் ஆறவில்லை.

புதுச்சேரி தமிழர் பகுதியில் எங்கள் தாத்தா டாக்டர். இல்லாதவர்களிடம் ஃபீஸ் வாங்கமாட்டார், மருந்துக்கும் காசு கொடுத்தனுப்புவார். அவர் வீட்டின் கட்டைக்குத்து மாடி (மரக்கட்டைகள் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டும் தளம்) ஒழுகியது. இடிக்காமல் பழுதுபார்க்க விண்ணப்பித்தோம். வரி ரசீது, வரைபடம் எல்லாம் சட்டென்று முடிந்தது.

மூலப்பத்திரத்தில்தான் மாட்டிக்கொண்டோம். 1954க்கு முந்தைய, பிரெஞ்சு ஆட்சிக் காலத்துப் பத்திரம், முழுக்கப் பிரெஞ்சு மொழி. “இதை யார் படிக்கிறது?” என்று தள்ளிவிட்டார் எழுத்தர். மொழிபெயர்த்துக் கொடுத்தால், இறப்புச் சான்றிதழில் உள்ள பெயரோடு ஒத்துப்போகவில்லையாம். ‘உ’ ஓசைக்கு ‘ou’ என்று இரண்டு எழுத்து போடுவது பிரெஞ்சு வழக்கம். அதை ஆங்கிலமாகப் படித்தால் வேறு ஆள் பெயர் மாதிரித்தான் இருக்கும். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம் இல்லையா? பழைய பத்திரம் வைத்திருப்பவர்கள் மொழிபெயர்ப்போடு, இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற பிரமாணப் பத்திரத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். அசலைக் கையைவிட்டு விடாதீர்கள், காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் இடத்தைப் பார்க்க வந்த அதிகாரி, தெருப்பக்கத் திண்ணையும் தாழ்வாரமும் ஆக்கிரமிப்பு, எடுத்துவிடுங்கள் என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. விடியும் முன்பே கிராமத்திலிருந்து வந்து நோயாளிகள் காத்திருந்த திண்ணை அது. அதை இடித்துவிட்டு மாடியை மட்டும் காப்பாற்றி என்ன செய்ய?

வாய்ப்பேச்சு எடுபடவில்லை. நோயாளிகள் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பழைய போட்டோக்களைத் தேடி எடுத்தோம். இதே புதுச்சேரியின் வைசியாள் வீதியில் இதே மாதிரி முகப்புகளைச் சீரமைத்து, அதற்கு 2008இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்ததே, அந்த விவரத்தையும் இணைத்து எழுத்தில் கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகரவில்லை. கடைசியில் திண்ணை இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள்! அம்மா அந்தத் தாளைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள்.

உங்கள் வீடு, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கொத்தனார் அவசரப்படுத்தினாலும் சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூச விடாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு உப்பிக்கொண்டு வந்துவிடும். எங்களுக்கு ஐப்பசி மழைக்குள் மாடி முடிய வேண்டும். கடுக்காய் போட்டுச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த ஆளைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.