எரிக்கவும் கூடாது, நாறவும் கூடாது

பாளையங்கோட்டைக்குத் தெற்கே உள்ள எங்கள் தோப்பில் 60 தென்னைகள் நிற்கின்றன. நன்றாக வளர்ந்த தென்னை மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மட்டையைக் கழிக்கும் என்பதால், ஆண்டொன்றுக்கு 700 மட்டைகளாவது விழுகின்றன. என் தந்தையார் காலத்தில் இந்தக் கணக்கைப் போட வேண்டிய தேவையே இருந்ததில்லை. ஓலை கிடுகாயிற்று, ஈர்க்கு விளக்குமாறாயிற்று, மட்டையும் சில்லாட்டையும் வெந்நீர் அடுப்புக்குப் போயின. கூரை வீடுகள் கான்கிரீட்டாக மாறி, அடுப்பங்கரைக்கு எரிவாயு வந்த பிறகு, விழுந்த மட்டையைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. பிறகு எல்லாரும் செய்ததையே நாங்களும் செய்தோம். மாசி, பங்குனியில் தோப்பு மூலையில் குவித்துத் தீ வைத்தோம். திருக்கார்த்திகைக்குக் கோயில் முன் கொளுத்தும் சொக்கப்பனையை இதில் சேர்க்கவில்லை. அது ஆண்டுக்கு ஒரு மாலை எரிந்து அடங்கிவிடுவது.

அந்தத் தீயைச் சட்டம் எப்போதோ தடுத்துவிட்டது என்பது எனக்கு மிகத் தாமதமாகத்தான் தெரிந்தது. 1981-ஆம் ஆண்டின் காற்று மாசு தடுப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, காற்று மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடத்தில் எரிபொருள் அல்லாத பொருளை எரிப்பதைத் தடைசெய்யும் அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுக்கிறது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை உண்டாக்குபவர் அதைத் தெருவில் வீசவோ எரிக்கவோ புதைக்கவோ கூடாது என்றும், தோட்டக் கழிவைத் தம் இடத்திலேயே தனியாகச் சேர்த்து வைக்க வேண்டும் என்றும் கூறின. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில் குப்பையை எரிப்பவருக்கு 5,000 ரூபாயும், மொத்தமாகக் கொட்டி எரிப்பவருக்கு 25,000 ரூபாயும் விதிக்க உத்தரவிட்டது.

தடையில் எனக்கு வருத்தம் இல்லை. பச்சையும் ஈரமுமாக இருக்கும் இலைக்குவியல் கொழுந்துவிட்டு எரிவதில்லை. அது உள்ளுக்குள் கனன்று, நுரையீரலின் அடிவரை போகும் நுண்துகளை மணிக்கணக்கில் கக்குகிறது. ஆனால் அபராதத்துக்கு அஞ்சியவர்கள் எரிப்பதை விடவில்லை, எரிக்கும் நேரத்தைத்தான் மாற்றினார்கள். எங்கள் பக்கத்தில் இரவு எட்டு மணிக்கு மேல் மூன்று நான்கு இடங்களில் புகை எழும். இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே எழாமல் அப்படியே தங்கிவிடுவதால், பகலில் கலைந்து போயிருக்கும் புகை சன்னல் உயரத்தில் விடியும்வரை நிற்கிறது. எரிக்காதே என்று சொன்ன விதி, மட்டையை எங்கே கொண்டுபோவது என்பதையும் அதே மூச்சில் சொல்லியிருந்தால் இந்த இரவுப் புகையில் பாதி எழுந்திருக்காது என்பது என் எண்ணம்.

நான் எரிப்பதை நிறுத்தி மக்க வைக்கத் தொடங்கினேன். வண்டி வந்து திரும்ப வசதியாக இருந்த கிழக்கு வேலியோரத்தில் குவியலைப் போட்டேன்; வேலிக்கு அந்தப் பக்கம் வீடுகள். தெருக்காரர்களும் வேப்பஞ்சருகு, முருங்கைக் கழிவு, வெட்டிய வாழை என்று கொண்டுவந்து தந்தார்கள். ஓராண்டு வரை குறையொன்றும் இல்லை. அடுத்த ஆனி மாத முகூர்த்தம் ஒன்றில், தெரிந்தவர் ஒருவர் மண்டபத்து எச்சில் இலையையும் காய்கறிக் கழிவையும் ஒரு வேன் நிறைய அனுப்பிவைத்தார். நல்ல உரமாகும் என்ற ஆசையில், சருகு ஒரு கடகம்கூடக் கலக்காமல், சோறும் சாம்பாருமாக ஒட்டிக்கிடந்த அந்த இலைகளை அப்படியே குவித்துவிட்டேன். ஆனியில் இங்கே மேலைக்காற்று எப்படி அடிக்கும் என்பதை நெல்லைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. மூன்றாம் நாள் காலையில் வேலிக்கு அப்பால் இருந்து ஓர் ஆச்சி கேட்டார்: “ஏய்யா, குப்பையைத்தான் போட்டிருக்கியா, இல்ல எதையும் பொதச்சு வச்சிருக்கியா?”

யாரோ தொலைபேசியில் புகார் சொல்ல, அலுவலர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ஒரு வாரத்துக்குள் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் மூட வேண்டும் என்று சொல்லிச் சென்றார். அவர்மேல் எனக்குக் குறை இல்லை. தவறு முழுக்க என்னுடையது. எங்களைப் போன்ற சிறு குவியல்களின் மேல் நேராகப் பாய்வது மாசு வாரியத்தின் விதியைவிடப் பழைய பொதுத்தொல்லைச் சட்டம்தான். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 152-ஆம் பிரிவாகியிருக்கும் அந்த விதியின்படி, நிர்வாக நடுவர் ஒருவர் தொல்லையை அகற்றும்படி உத்தரவிடலாம்.

அன்று மாலை மம்பட்டியால் குவியலின் பக்கத்தை வெட்டிப் பார்த்தேன். மேலே ஒரு முழத்துக்கு ஆவி பறந்தது, உள்ளே செருகியிருந்த கடப்பாரையைக் கையால் பிடிக்க முடியவில்லை, கண்ணில் நீர் வரும்படி காரநெடி ஏறியது. அதற்குக் கீழே இலைகள் ஒன்றோடொன்று அப்பிக் கறுத்த களியாகி, அழுகிய முட்டை நாற்றம் வீசின. இரண்டும் வேறு வேறு நோய்கள். கீழே காற்று புகாததால் கந்தக வாயு. மேலே தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்து கரிமம் (கார்பன்) குறைந்ததால் அம்மோனியா. கரிமம் 25 முதல் 30 பங்குக்குத் தழைச்சத்து 1 பங்கு என்ற அளவில் இருந்தால் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தம் உடலில் கட்டி வைத்துக்கொள்ளும். கரிமம் குறைந்தால் மிஞ்சிய தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். கடையில் மூட்டை மூட்டையாக யூரியா வாங்கும் நான், தோப்பில் அதே தழைச்சத்தை அண்டை வீட்டார் மூக்குக்கு இலவசமாக அனுப்பிக்கொண்டிருந்தேன். இது புரிந்த பிறகுதான் காற்று விதிகளைப் படிக்கும் பொறுமை எனக்கு வந்தது. விதி தடுக்க நினைக்கும் வாயுவும் நான் இழக்க விரும்பாத சத்தும் ஒன்றாக இருக்கும்போது, அந்த விதியோடு எனக்கென்ன பகை?

2009-இல் வெளியான தேசியக் காற்றுத் தர அளவுகளில் அம்மோனியாவுக்கு 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராம் என்ற வரம்பு உண்டு. முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு அந்தப் பட்டியலிலேயே இல்லை. உரக்கூடங்களைப் பற்றி 2016-ஆம் ஆண்டு விதிகளின் இணைப்பில் எழுதியிருந்தது இன்னும் நடைமுறைக்கு ஒத்தது: காற்று வீசும் திசையில், கூடத்தின் எல்லையில் நின்று, நாற்றம் வருகிறதா என்று தவறாமல் பார்க்க வேண்டும். கருவி எதுவும் இல்லாமல் அந்த ஆச்சி செய்ததும் இதைத்தான். அந்த விதிகளின்படி, நாளொன்றுக்கு 5 டன்னுக்கு மேல் கையாளும் கூடமானால், சுற்றிலும் கட்டடம் எழாத இடைவெளி விட வேண்டும். குவியல் கிடக்கும் தளம் நீர் இறங்காததாகவும், ஒன்றிரண்டு விழுக்காடு சரிவோடும், கசிவுநீர் வாய்க்காலோடும் இருக்க வேண்டும். முற்றிய உரத்தில் கரிம, தழைச்சத்து விகிதம் 20-க்குக் கீழ் இருக்க வேண்டும், துர்நாற்றம் அறவே கூடாது. பெரிய கூடத்துக்கு இவை பொருத்தமானவை. 60 தென்னையும் ஒரு தெருவும் சேர்ந்த குவியலுக்குச் சரிவுத் தளம் போடச் சொன்னால், அதை வைத்திருப்பவன் தீப்பெட்டியைத்தான் எடுப்பான்.

குவியலைச் சரிசெய்த வழி எனக்குக் கலிபோர்னியாவிலிருந்து கிடைத்தது. அங்கே லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தின் காற்றுத்தர நிர்வாகம், தோட்டக் கழிவை மக்க வைப்பதற்கென்றே 2011-இல் தனி விதி கொண்டுவந்தது. புதிய குவியலைக் கட்டிய 24 மணி நேரத்துக்குள் அதன்மேல் முற்றிய மக்கு உரத்தை 6 அங்குலக் கனத்துக்குப் போர்த்த வேண்டும். முதல் 15 நாட்களில் புரட்டுவதற்கு முன் நனைக்க வேண்டும். அவர்களுடைய கவலை நாற்றத்தைவிடப் பெரியது: பச்சைக் குவியலிலிருந்து எழும் கரிம ஆவிகள் வாகனப் புகையோடு வெயிலில் கலந்து தரைமட்ட ஓசோன் ஆகின்றன. முற்றிய உரத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த ஆவிகளை மேலே விடாமல் தின்றுவிடுகின்றன. அதே மாநிலத்தின் சான் ஜோக்கின் பள்ளத்தாக்கில் பழத்தோட்டக் கழிவை எரிப்பது 2025 ஜனவரி முதல் ஏறத்தாழ முழுவதும் நிறுத்தப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே, மரங்களைத் துண்டாக்கி நிலத்திலேயே கலக்கும் உழவருக்கு ஏக்கர் கணக்கில் உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். எனக்குப் பொறாமை தந்தது இந்த வரிசைதான்.

நான் குவியலைப் பிரித்து, ஒரு பங்கு இலைக்கு மூன்று பங்கு சருகும் துண்டாக்கிய ஓலையும் கலந்து, மேற்கு ஓரத்துக்கு மாற்றி, பழைய உரத்தை ஒரு சாண் உயரத்துக்குப் போர்த்தினேன். நாலாம் நாள் வேலியோரம் போய் நின்றேன். மண்வாசனை தவிர வேறொன்றும் இல்லை. ஆச்சியும் மறுபடி குரல் கொடுக்கவில்லை. இப்போது ஆனி, ஆடிக் காற்று வீடுகளை எட்டுவதற்குள் தோப்பு முழுவதையும் கடக்க வேண்டும். வாடைக்காற்றோ குவியலைத் தாண்டி வயல் பக்கம் போய்விடுகிறது.

ஓலையைத் துண்டாக்குவதுதான் இன்றும் பெரும்பாடு. முழு மட்டை மக்க ஓராண்டுக்கு மேல் ஆகிறது. அரைத்துப் போட்டால் சில மாதம் போதும். அரைக்கும் இயந்திரத்தை டிராக்டரோடு வாடகைக்கு எடுக்கிறேன், அதன் டீசல் புகையையும் பறக்கும் தூளையும் கணக்கில் எழுதிக்கொண்டுதான். தூள் சிறிய செய்தி அன்று: 2021-இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தென்னை நார்த் தொழிலை, மாசு மிகக் குறைந்த தொழில்களுக்கான வெள்ளைப் பிரிவிலிருந்து மாசு கூடிய ஆரஞ்சுப் பிரிவுக்கு மாற்றியபோது தொழில் செய்வோரிடம் எழுந்த முணுமுணுப்பு பலருக்கு நினைவிருக்கும். நார்க்கழிவை வெயிலில் பரப்பிக் காற்றில் விடாமல் மக்க வைக்கவும் வழி இருக்கிறது. ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு ஈரம் காத்தால், 112-க்கு 1 என்றிருந்த கரிம, தழைச்சத்து விகிதம் 24-க்கு 1 என்ற அளவுக்கு இறங்குகிறது என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்லித்தருகிறது.

ராமையன்பட்டிக் குப்பைக்கிடங்கில் கோடையில் தீப்பிடித்த செய்தி நம் ஊருக்குப் புதிதன்று. அங்கே போய்ச் சேரும் தழையும் மட்டையும் குறைய வேண்டுமானால், அவை எங்களைப் போன்ற தோப்புகளிலேயே மக்கிப் போக வேண்டும். முறைவைத்துச் சுற்றிவரும் அரைப்பு இயந்திரம் ஒன்றை ஊருக்கு விட்டால், 5,000 ரூபாய் அபராத ரசீதைவிட அதிகப் புகையை அது நிறுத்தும். இதையே மனுவாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இனி ஐப்பசி மழைக்கு முன் கூரை போட வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையில் குவியல் இடுப்பளவு நீரில் கிடந்து, வடிந்த பிறகு ஒரு வாரம் முழுவதும் அதே முட்டை நாற்றம் வீசியது. தார்ப்பாய் போர்த்தினால் மூச்சு முட்டும். நாலு காலும் தகரமும்தான் சரி. கிடுகு முடைய ஆள் கிடைத்தால் தகரமும் வேண்டாம், ஓலையில் கொஞ்சமாவது செலவாகும்.