நகரும் வீட்டுக்கு ஒரு முகவரி

“உங்கள் முகவரி?” என்று கவுன்டரில் இருந்த பெண் கேட்டபோது, சக்கரம் வைத்த வீடு ஒன்றை அப்போதுதான் வாங்கியிருந்த நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

நியூசிலாந்தில், சுற்றிப்பார்க்க வந்த வெளிநாட்டவரும் மோட்டார்ஹோம் வாங்கித் தம் பெயரில் பதிந்துகொள்ளலாம். கடவுச்சீட்டோடு அந்நாட்டு முகவரி ஒன்றும் வேண்டும். ஆக்லாந்து நண்பரின் முகவரியைக் கொடுத்தோம். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிட்டதால், எதையோ மறந்துவிட்டதுபோல நான் அங்கேயே நின்றேன்.

உண்மையில் மறந்தது முன்கண்ணாடியில் இருந்தது.

அங்கே டீசல் வண்டிகள், ஓடும் தூரத்துக்கான சாலைக் கட்டணத்தை 1,000 கிலோமீட்டர் கணக்கில் முன்கூட்டியே செலுத்தி, அந்தச் சீட்டைக் கண்ணாடியில் காட்ட வேண்டும். எங்கள் சீட்டில் அச்சிட்டிருந்த எல்லையை ஓடோமீட்டர் என்றோ தாண்டியிருந்தது. விற்றவரை அழைத்துச் சொன்னதும், கூச்சத்தோடு பாக்கியை அவரே கட்டிவிட்டார். நல்ல மனிதர், மறதிக்காரர்.

வண்டி சாலையில் ஓடத் தக்கது என்று காட்டும் தகுதிச் சான்று எப்போது எடுத்தது என்று பார்த்தேன், ஒரு மாதம் ஆகவில்லை. மனைவியோ கழிவறையை இருமுறை அசைத்துப் பார்த்தாள். 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அது வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தால்தான் தண்ணீர், கழிவு வசதிகள் வண்டிக்குள்ளேயே உண்டு என்பதற்கான பச்சைச் சான்று கிடைக்கும்.

அசையவில்லை.