வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கொழும்பில் இருப்பவர்களுக்கு

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்துகொண்டு கிளிநொச்சி, மட்டக்களப்புப் பக்கம் வயலைக் குத்தகைக்கு விட்டிருப்பவர்கள், வெள்ளம் வந்ததும் கேட்பது ஒன்றுதான்: காணிக்காரருக்கு ஏதும் கிடைக்குமா? கிடைக்காது. பயிரழிவுக்கு அரசு கொடுக்கும் பணம் விதைத்தவருக்கு. காணி உறுதி உங்கள் பெயரில் இருப்பது வேறு கதை. ஆனால் விதைத்தவருக்கும் அது கிடைக்காமற்போக நீங்கள் காரணமாகலாம்.

பணம் கமநல சேவை நிலையத்தின் பதிவைப் பார்த்தே வரும். காலபோகத் (மாரிக்கால நெற்செய்கை) தொடக்கத்தில், உரமானியத்துக்குப் பெயர் கொடுக்கும்போதே, இந்தப் போகம் யார் எத்தனை ஏக்கர் விதைக்கிறார் என்பது பதியப்பட வேண்டும். குத்தகைக்காரர் என்றால் காணிக்காரரின் கடிதத்தைக் கேட்பது வழக்கம். "பொங்கலுக்கு வரும்போது தாறன்" என்று இழுத்தடிப்பவர்கள் தயவுசெய்து ஒக்டோபருக்கு முன்னரே எழுதிக் கொடுங்கள். ஏக்கர் வரி நிலுவை இருந்தால் அதையும் தீர்த்துவிடுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு பெயர் மாற்றப் போனால் எந்த உத்தியோகத்தரும் தயங்குவார், தயங்கவும் வேண்டும்.

தொகை பற்றிய மயக்கமும் உண்டு. 2024 நவம்பர் வெள்ளத்தின்போது நெல், சோளம், உருளைக்கிழங்கு, சோயா, மிளகாய், பெரிய வெங்காயம் ஆகிய ஆறு பயிர்களுக்கு ஏக்கருக்கு 40,000 ரூபா வரை என்றார்கள். யாழ்ப்பாணக் கணக்கில் (16 பரப்பு ஓர் ஏக்கர்) பரப்புக்கு 2,500. அந்த "வரை" முக்கியம்: அது உச்சத்தொகை. ஒரு மூலை மட்டும் அழுகியிருந்தால் அந்த மூலைக்குத்தான் கணக்கு. உழுந்தும் கச்சானும் அந்த ஆறில் இல்லை. வன்னியை நினைத்தால் இது பெரிய ஓட்டை. 2025இல் டித்வா புயலுக்குப் பிறகு நெல்லுக்கு ஹெக்டேயருக்கு 150,000, மரக்கறிக்கு 200,000 என்று அறிவித்தார்கள். ஒவ்வோர் அனர்த்தத்துக்கும் தொகை மாறும் என்பதால் பழைய வாட்ஸ்அப் செய்தியை நம்பி ஆளோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

அழிவை உடனேயே கமக்காரர் அமைப்புக்கும் நிலையத்துக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். இங்கேதான் அதிகம் பிழை நடக்கிறது. தண்ணீர் நிற்கும்போது வந்து பார்ப்பவருக்குப் பயிரின் நிலை தெரியாது. வடிந்த அன்று பச்சையாகத் தெரியும் நாற்று சில நாளில் அழுகி விழும். பூக்கும் பருவத்தில் மூழ்கியது நிமிர்ந்து நின்றாலும் கதிரில் பதர்தான் மிஞ்சும். ஆகவே முதற் பார்வையில் "பாதிப்புக் குறைவு" என்று எழுதியிருந்தால் இரண்டாவது பார்வையை எழுத்தில் கேளுங்கள். மறுவிதைப்புக்கு அவசரப்பட்டு உழுதுவிட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. உழத்தான் வேண்டுமென்றால், வரம்பும் பக்கத்து மரமோ மதகோ தெரியும்படி நாலு பக்கமும் படம் எடுத்துவிட்டு உழச் சொல்லுங்கள்.

இழப்பீடு கேட்பதானால், வெள்ளத்தில் செத்த மாட்டையும் கால்நடை வைத்தியர் பார்க்குமுன் புதைக்கக்கூடாது. முடியாத நிலையென்றால் காதுப் பட்டியின் இலக்கம் தெரியப் படமெடுத்து, கிராம அலுவலருக்கும் காட்டிவிட வேண்டும்.

எல்லாம் சரியாகியும் பணம் வராவிட்டால் வங்கிப் புத்தகத்தைப் பாருங்கள். பதிவில் பழைய அடையாள அட்டை இலக்கம், வங்கியில் புதிய 12 இலக்கம். பதிவில் முதலெழுத்து, புத்தகத்தில் முழுப்பெயர். நீண்டகாலம் கொடுக்கல் வாங்கல் இல்லாமல் முடங்கிய கணக்கு. இவற்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பணத்தைக் கொடுக்கும் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபையின் தலைமையகம் நுகேகொடையில் கிட்டத்தானே என்று பஸ் ஏறாதீர்கள். கோப்பு ஊர் நிலையத்திலிருந்து மாவட்ட அலுவலகம் வழியாகத்தான் மேலே வரும். திருத்தமும் அங்கேதான் தொடங்க வேண்டும்.