பொன்னுத்தம்பி பிள்ளை லாபோர்த் ஆனது எப்படி?

புதுச்சேரிக்காரர் சிலரின் பெயருக்குப் பின்னால் வரும் பிரெஞ்சுக் குடும்பப் பெயரைக் கண்டு, கலப்பு மண வழி வந்தது என்றோ, ஞானஸ்நானத்தில் வைத்தது என்றோ பலர் எண்ணுகிறார்கள். அவற்றில் பல, அதிகாரியின் முன் கையெழுத்திட்டுப் பெற்ற பெயர்கள்.

1819-இல் பிரெஞ்சு நிர்வாகம், இந்தியர்களின் திருமணம், வாரிசுரிமை போன்றவற்றை அவரவர் வழக்கப்படியே தீர்ப்பது என்று வகுத்தது. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணையோ, 21 வயது நிறைந்த எவரும், எந்தச் சாதி மதத்தினராயினும், அந்த வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின்கீழ் வரலாம் என்றது. துறந்தவருக்கு 'ரெனோன்சான்' என்று பெயர். துறப்பைத் திரும்பப் பெற முடியாது. கணவன் துறந்தால் மனைவியும் வயது வராத பிள்ளைகளும் அவனோடு சேர்ந்தே மாறினார்கள். மனைவியின் சம்மதத்தை ஒரு வரியில்கூடக் கேட்காத இந்த ஏற்பாடு என்னை இன்றும் உறுத்துகிறது.

துறப்பைப் பதிவு செய்யும் பத்திரத்தில், தனக்கும் தன் சந்ததிக்கும் உரிய குடும்பப் பெயர் ஒன்றைத் துறப்பவர் குறிப்பிட்டாக வேண்டும். தந்தையின் பெயரை முன்னெழுத்தாக வைத்துத் தலைமுறைதோறும் அதை மாற்றிக்கொள்ளும் நம் வழக்கம் பிரெஞ்சுப் பதிவேட்டுக்குப் பொருந்தவில்லை. துறப்பு இயக்கத்தை முன்னின்று நடத்திய வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை, 'பிள்ளை' இருந்த இடத்தில் 'லாபோர்த்' என்று எழுதினார். பிரெஞ்சில் அதற்கு 'கதவு' என்று பொருள். ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்கு வந்ததற்காக 1873-இல் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடி வென்ற மனிதர் அவர். ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறித்தவர்களும் பெருமளவில் துறப்பில் இறங்கியதற்குக் காரணம், சாதியைக் காட்டாத பெயர் ஒன்று கிடைத்ததுதான் என்று நான் கருதுகிறேன். பின்னாளில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த வியட்நாமின் சைகோனில் அரசுப் பணிக்குப் போன பலருக்கு அந்தப் பெயரும் தகுதியும் துணை நின்றன.

ஆனால் சமத்துவம் முழுமையாக வந்துவிடவில்லை. 1884-இல் வாக்காளர்களை ஐரோப்பியர், ரெனோன்சான்கள், ஏனைய இந்தியர் என மூன்று பட்டியல்களாகப் பிரித்தார்கள். சட்டம் ஒன்றானபின்னும் பட்டியல் வேறாகவே இருந்தது.

1956-இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்த, புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம், இப்பகுதியில் பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிகளை இந்தியக் குடிமக்களாக்கியது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்றது. 1881-இல் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் போக எழுதித் தர வேண்டியிருந்தது. 1962-இல் பிரெஞ்சுக்காரராக நீடிக்கவும் எழுதித் தர வேண்டியிருந்தது.